முதல் முறை வெலோட்ரோமுக்குப் போகிறவர் எந்தத் தலைக்கவசத்தை அணிவது?

கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எனக்கு 44 வயது. தினமும் சைக்கிளில்தான் அலுவலகம் போய்வருகிறேன். அடுத்த மாதம் என் 15 வயது மகனோடு ஸ்ட்ராட்ஃபர்டில் உள்ள லீ வேலி வெலோபார்க்கில், அங்குள்ள வெலோட்ரோமில் (சரிவான ஓடுதளம் கொண்ட சைக்கிள் பந்தய அரங்கு), டிராக் சைக்கிளிங் அறிமுக வகுப்புக்கு இடம் பதிவு செய்திருக்கிறேன். வீட்டில் மூன்று தலைக்கவசங்கள் இருக்கின்றன. ஒன்று நான் தினமும் அணிவது, முன்பக்கம் தொப்பி விளிம்பு வைத்தது. இரண்டாவது மகனின் ஸ்கேட்போர்டு கவசம். மூன்றாவது, ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓடிய உறவினர் கொடுத்தது, பின்னால் வால்போல் நீண்டிருக்கும். அரங்கிலேயே இரவலாகவும் தருகிறார்கள். எதை அணிவது? புதிதாக வாங்க வேண்டுமா? சைக்கிள் கவசங்களை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் சோதிக்கிறார்கள் என்று படித்தேன். அப்படியானால் இந்தத் தளத்தில் அதனால் என்ன பயன்? சென்னையில் இருக்கும் அண்ணன், பேசாமல் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டையே போட்டுக்கொள் என்கிறார். இன்னொன்று, எனக்கு முடி நீளம். கொண்டை போட்டால் எந்தக் கவசமும் சரியாக உட்கார மறுக்கிறது."

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் பணத்தைக் காப்பாற்றிவிடுகிறேன். அறிமுக வகுப்புக்காக நீங்கள் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. நீங்கள் தினமும் அணியும் கவசத்தின் முன்விளிம்பைக் கழற்ற முடியுமானால் அதுவே உங்களுக்குப் பொருத்தமானது. கழற்ற முடியாவிட்டால் அரங்கில் தரும் கவசத்தை அணிந்துகொள்ளுங்கள். வால் நீண்ட கவசம் அலமாரியிலேயே இருக்கட்டும். மகனுடைய கவசத்தைப் பற்றி மட்டும் இரண்டு விஷயங்களைச் சோதித்த பிறகே முடிவு சொல்ல முடியும் என்பதால் அதற்குப் பின்னால் வருகிறேன்.

பிரிட்டனின் சாலைகளில் சைக்கிள் ஓட்டுகிறவர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நெடுஞ்சாலை விதித்தொகுப்பு பரிந்துரைப்பதோடு நின்றுவிடுகிறது. வெலோட்ரோமில் அந்தச் சலுகை கிடையாது. கவசம் இல்லாதவரைத் தளத்தில் ஏற விட மாட்டார்கள். ஆகவே அணிவதா வேண்டாமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. எப்படிப்பட்டது, எப்படிப் பொருந்தியிருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, அந்தத் தளத்தில் ஒருவர் எப்படி ஓட்டுகிறார், எப்படி விழுகிறார் என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

2012 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டப்பட்டு 2011இல் திறக்கப்பட்ட அந்த அரங்கின் ஓடுதளம் 250 மீட்டர் சுற்றளவு கொண்டது; சைபீரியப் பைன் மரச் சட்டங்களை இழைத்துப் பதித்தது. நேர்ப்பகுதிகளில் 12 பாகையாக இருக்கும் சரிவு, வளைவுகளில் 42 பாகையாக உயர்ந்து, கீழேயிருந்து பார்க்கும்போது சுவரைப்போலவே தோன்றும். நீங்கள் ஓட்டப்போகும் சைக்கிளில் பிரேக் கிடையாது. பின்சக்கரத்தோடு பெடல் பிணைக்கப்பட்டிருப்பதால், சக்கரம் சுழலும்வரை உங்கள் கால்களும் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலேயே ஓட்டுவார்கள். முந்துகிறவர் உங்கள் வலப்பக்கமாக, அதாவது சரிவின் மேற்பக்கமாகத்தான் வருவார். எனவே மேலே ஏற நினைக்கும் ஒவ்வொரு முறையும் வலத் தோளுக்குமேல் திரும்பிப் பார்ப்பது பயிற்றுநர் முதலில் கற்றுத்தரும் பாடங்களில் ஒன்று. அவர் தளத்தின் நடுவிலோ ஓரத்திலோ நின்று உரத்த குரலில் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் குரல் உங்கள் காதில் விழ வேண்டும்.

குனிந்த நிலையிலும் முன்னால் தெரிய வேண்டும், வலத் தோளுக்குமேல் பார்க்க முடிய வேண்டும், காது திறந்திருக்க வேண்டும். கவசத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் எடையையும்விட இந்த மூன்றுக்கே நான் முதலிடம் கொடுப்பேன். உங்கள் அண்ணனின் யோசனை அடிபடுவதும் இங்கேதான். அவர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். சென்னைச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கவசத்தைவிட நல்ல துணை இல்லை. ஆனால் முகம் முழுவதையும் மூடும் அந்தக் கவசம் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். சைக்கிள் கவசமோ பெரும்பாலும் 250 முதல் 350 கிராமுக்குள் அடங்கிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவருக்காகச் செய்த ஒன்றை, முதுகைக் கிடையாக வளைத்து, கழுத்தை மேலே தூக்கி ஓட்டுகிறவர் அணிந்தால், அதன் பின்விளிம்பு பிடரியில் இடிக்கும், மேல்விளிம்பு பார்வையை மறைக்கும், காதும் அடைந்துவிடும். பத்து நிமிடம் மூச்சிரைக்கப் பெடல் மிதித்த பிறகு அதற்குள் தலை என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, 20 கிலோமீட்டர் வேகம் பற்றிய உங்கள் ஐயம். இது நியாயமான கேள்வி. விற்பனையாளர்கள்கூடப் பல நேரங்களில் சரியாக விளக்குவதில்லை. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் விற்கப்படும் சைக்கிள் கவசங்கள் இ.என். 1078 என்ற தரத்தை நிறைவு செய்ய வேண்டும். அந்தச் சோதனையில் கவசத்தைப் போலித் தலை ஒன்றுக்கு மாட்டி, தட்டையான இரும்புத் தளத்தின்மீது நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்திலும், நடைபாதை ஓரக்கல்லைப்போல் விளிம்புள்ள இரும்பின்மீது நொடிக்கு 4.57 மீட்டர் வேகத்திலும் மோதவிடுகிறார்கள். உள்ளிருக்கும் தலைக்குக் கடத்தப்படும் அதிர்ச்சி, புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. நொடிக்கு 5.42 மீட்டர் என்பது மணிக்குச் சுமார் 19.5 கிலோமீட்டர், நீங்கள் படித்த எண் இங்கிருந்து வந்ததே. ஆனால் அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் ஒரு பொருள் தரையைத் தொடும்போது அடையும் வேகம் அது. சைக்கிள்மேல் இருக்கும் ஒருவரின் தலையும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

சைக்கிள் முன்னோக்கி ஓடும் வேகம் வேறு, தலை தரையை நோக்கி விழும் வேகம் வேறு. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருப்பவர் விழும்போது, அந்த 40இன் பெரும்பகுதி அவரைத் தளத்தின்மேல் வழுக்கிக்கொண்டு செல்வதிலும் உரசலிலும் கரைகிறது. தலை தளத்தை அறையும் வேகத்தை விழுந்த உயரமே பெரிதும் தீர்மானிக்கிறது. இழைத்த மரத்தளத்தில், அதுவும் சரிவான வளைவில் விழுகிறவர் அப்படியே கீழ்நோக்கி வழுக்கி வருவதைத்தான் பெரும்பாலும் காண்கிறோம். புதியவர்கள் விழுவதோ பெரும்பாலும் அத்தனை வேகத்தில்கூட இல்லை. வகுப்பின் முடிவில் வேகத்தைக் குறைத்து ஓரக் கம்பியைப் பிடிக்கப்போய், கம்பி கைக்கு எட்டாமல், காலணி பெடலில் மாட்டியபடியே, நின்ற இடத்தில் சாய்கிறார்கள். அந்த விழுகையில் தலைக்கு நேர்வது ஒன்றரை மீட்டர் சோதனையை ஒத்ததே. வேகம் குறைவு என்பதால் அடி சிறியது என்று நினைத்துவிடாதீர்கள். கவசம் பயன்படுவதே இப்படிப்பட்ட விழுகையில்தான்.

கவசத்தால் தடுக்க முடியாத விபத்துகளும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. நீங்கள் போகவிருக்கும் அதே அரங்கில், 2022 காமன்வெல்த் போட்டிகளின் எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி ஓடும் 15 கிலோமீட்டர் ஸ்கிராட்ச் பந்தயத்தின் தகுதிச் சுற்றில், இங்கிலாந்தின் மாட் வால்ஸ் மற்ற வீரர்களோடு சிக்கித் தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர்களுக்குள்ளேயே போய் விழுந்தார். நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தாலும் பெரிய காயமில்லாமல் தப்பினார். அதற்கு முன்பு, 2011இல் மான்செஸ்டர் உலகக் கோப்பைப் போட்டியின் கெய்ரின் என்ற விரைவோட்டப் பந்தயத்தில் விழுந்த மலேசிய வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங்கின் கெண்டைக்கால் சதையை மரத்தளத்தின் நீண்ட சிம்பு ஒன்று ஊடுருவியது. இவை நெருக்கியடித்துக்கொண்டு உச்ச வேகத்தில் ஓடும் பந்தயங்களில் நேர்ந்தவை. அறிமுக வகுப்பில் அத்தகைய வேகமும் இல்லை, முண்டியடிப்பும் இல்லை. ஆனாலும் இரண்டாவது நிகழ்ச்சியை நினைவில் வைத்து, முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து போங்கள் என்பேன். மரத்தில் உரசிய தோலின் எரிச்சல் ஒரு வாரத்துக்குப் போகாது.

வழுக்கும்போது தலை தளத்தை நேர்க்குத்தாக அறையாமல் சாய்வாகத் தேய்த்துக்கொண்டு மோதுகிறது. அப்போது தலை சட்டென்று திருகப்படுகிறது. மூளை அதிர்ச்சிக்கு இந்தத் திருகல் ஒரு முக்கியக் காரணம். மேலே சொன்ன இ.என். 1078 சோதனை நேர்மோதலை மட்டுமே அளக்கிறது, திருகலை அளப்பதில்லை. இந்தக் குறையை நிரப்பத்தான் சுவீடனில் உருவான மிப்ஸ் என்ற உள்ளடுக்கு வந்தது. கவசத்துக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய அடுக்கு, மோதும் கணத்தில் சில மில்லிமீட்டர் நகர்ந்து கொடுத்துத் திருகலின் ஒரு பகுதியைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. இதே காரணத்தால்தான் வெளிக்கூடு வழவழப்பாகவும் உருண்டையாகவும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். துருத்தி நிற்கும் விளிம்போ கூரான வாலோ தளத்தில் இடறினால், வழுக்க வேண்டிய தலை அங்கே நின்றுவிடும், உடல் நிற்காது. உங்கள் கவசத்தின் முன்விளிம்பைக் கழற்றச் சொன்னதற்கு இது ஒரு காரணம். குனிந்தால் அது கண்ணுக்கு முன் கூரைபோல் இறங்கி நிற்கும் என்பது இன்னொன்று. பெரும்பாலான கவசங்களில் அந்த விளிம்பைச் சிறு முளைகளைக்கொண்டு பொருத்தியிருப்பார்கள், இழுத்தால் வந்துவிடும். இரவில் ஓட்டுவதற்காகப் பின்னால் விளக்கு மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். தளத்தில் கழன்று விழும் எந்தப் பொருளும் பின்னால் வருகிறவருக்கு ஆபத்து.

வால் நீண்ட கவசத்தை விலக்கியதற்கும் காரணம் சொல்லவேண்டும், ஏனென்றால் உறவினர் அன்போடு கொடுத்தது. அது தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் வீரருக்கானது. அவர் தலையை ஒரே நிலையில் வைத்திருக்கும்வரை அந்த வால் முதுகோடு படிந்து காற்றைச் சீராக வழிய விடும். புதியவரின் தலை ஒரே நிலையில் இருப்பதில்லை, இருக்கவும் கூடாது. அவர் கீழே பார்க்கும்போது வால் மேலே எழும். வலத் தோளுக்குமேல் திரும்பும்போது தோளிலேயே இடிக்கும். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவது என்பதால், மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் ஓட்டப்போகும் உங்களுக்கு அதனால் கிடைக்கும் ஆதாயம் கைக்கடிகாரத்தில்கூடத் தெரியாது. இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை, அதன் கடந்த காலம் உங்களுக்குத் தெரியாது என்பது. கவசத்தின் உள்ளே இருப்பது நம் ஊரில் தெர்மாகோல் என்று சொல்லும் அதே வகை நுரைப்பொருள், இன்னும் அடர்த்தியாக. அது நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. மேல்கூடு பளபளப்பாகவே இருக்க, உள்ளே விரிசல் ஓடியிருக்கலாம். பந்தயத்தில் ஓடிய கவசம் ஒருமுறையாவது விழுந்திருக்காது என்று யார் உறுதி சொல்வது? பிறர் அணிந்து பழகிய கவசத்தை வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அப்படியென்றால் அரங்கில் தரும் கவசமும் பிறர் அணிந்ததுதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். வேறுபாடு என்னவென்றால், ஒருவர் அடிபட்ட கவசத்தை அங்கே அன்றே ஒதுக்கிவிட ஆள் இருக்கிறார். ஆனாலும் கையில் வாங்கியதும் திருப்பி, உட்பக்க நுரையில் வெடிப்போ பள்ளமோ இருக்கிறதா, பக்கிள் சொடுக்கென்று பூட்டுகிறதா, பின்புறத் திருகு சக்கரம் பல் பல்லாக நகர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஐயம் தோன்றினால் மாற்றித் தரச் சொல்லத் தயங்க வேண்டாம். பலர் தலையில் இருந்ததாயிற்றே என்ற கூச்சம் இருந்தால் மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்றை உள்ளே அணிந்துகொள்ளலாம். தடித்த கம்பளித் தொப்பி கூடாது.

இனி பொருத்தம். அறிமுக வகுப்புகளில் விலை உயர்ந்த கவசத்தை நெற்றிக்கு மேலே ஏற்றி, அம்மன் கிரீடம்போல் வைத்துக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். முன்னால் விழுந்தால் அது நெற்றியைக் காக்காது. புருவத்துக்கு மேலே ஒரு விரல் உயரத்தில், காதுகளுக்கு மேலாக, தலையின் பின்மேடு வழியே தையல் நாடாவைச் சுற்றி அளவெடுங்கள்; கவசத்தின் உட்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் போட்டுள்ள சென்டிமீட்டர் எல்லைக்குள் அந்த அளவு வர வேண்டும். கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் கிடையாக உட்கார வேண்டும். திருகு சக்கரத்தை இறுக்கிய பிறகு, நாடிப் பட்டையைப் பூட்டாமலேயே தலையைக் குனிந்து அசைத்துப் பாருங்கள். கவசம் தலையோடு சேர்ந்து அசைய வேண்டும், தனியாக வழுக்கக் கூடாது. காதுக்கு இருபுறமும் இறங்கும் பட்டைகள் காது மடலுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். பூட்டிய பிறகு பட்டைக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம். வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுங்கள். கவசம் உச்சந்தலையை லேசாகக் கீழே இழுத்தால் அளவு சரி.

இதுவரை சொன்னது எல்லா சைக்கிள் கவசத்துக்கும் பொருந்தும். தளத்துக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. கடைக்காரர் சொல்லித்தர மாட்டார். கவசத்தை அணிந்து ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முதுகை முன்னே வளைத்து, கைகளை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோங்கள். டிராக் சைக்கிளின் கைப்பிடியில் கீழ்வளைவைப் பிடிக்கும்போது உங்கள் உடல் ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருக்கும். அங்கிருந்தபடி தலையைத் தூக்கி, எதிர்ச்சுவரில் உயரத்தில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். கடிகாரத்துக்குப் பதில் கவசத்தின் விளிம்பு தெரிந்தாலோ, பின்விளிம்பு கழுத்தில் முட்டிக் கவசத்தை முன்னே தள்ளினாலோ, அது எவ்வளவு நல்ல கவசமாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. அதே நிலையில் வலப்பக்கம் திரும்பி உங்கள் தோளுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். கண்ணாடி அணிபவரானால் கண்ணாடியோடு செய்யுங்கள். கண்ணாடியின் காதுத்தண்டு, திருகு சக்கரம் இருக்கும் பின்கூண்டோடு மோதி மேலெழும்புவது அப்போதுதான் தெரியும்.

உங்கள் மகனின் கவசத்தை முடிவு செய்யப்போவதும் இந்த நாற்காலிதான். இ.என். 1078 என்ற தரம் சைக்கிளுக்கு மட்டுமன்றி ஸ்கேட்போர்டுக்கும் உருளைச் சறுக்கலுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஆகவே அவர் கவசத்தின் உட்பக்கச் சீட்டில் அந்த எண் இருந்தால் தரத்தைப் பொறுத்தவரை தடையில்லை. எண் இல்லாமல், அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கும் மென்நுரை மட்டுமே உள்ளே இருந்தால் வேண்டாம். ஆனால் ஸ்கேட்போர்டு கவசங்கள் பின்னந்தலையை ஆழமாக மூடும்படி செய்யப்படுபவை. பின்னால் மல்லாந்து விழுகிறவர்களுக்கு அது தேவை. குனிந்து ஓட்டும்போது அந்த ஆழமே கழுத்தில் இடிக்கும். காற்றுத் துளைகளும் குறைவு. நாற்காலிச் சோதனையில் அவர் கடிகாரத்தைப் பார்க்க முடிந்தால் அதையே அணியட்டும். இல்லையென்றால் அரங்கின் கவசம். பதினைந்து வயதுப் பையன் தன் ஸ்டிக்கர் ஒட்டிய கவசத்தை விட்டுக்கொடுக்க முரண்டு பிடிக்கக்கூடும். அதற்கு என்னிடம் ஆலோசனை இல்லை.

முதல் வகுப்பு பிடித்துப்போய், அந்த அரங்கின் நான்கு படித் தகுதிப் பயிற்சியைத் தொடர நினைத்தீர்களானால், அப்போது ஒன்று வாங்குங்கள். மேற்படிகளில் மற்றவர்களின் சக்கரத்தை ஒட்டி ஓட்ட வேண்டியிருப்பதால், தலையைத் தடையின்றித் திருப்ப உதவும் கவசம் அவசியமாகிறது. சாலைப் பந்தயக்காரர்கள் அணியும், வால் இல்லாத, துளைகள் குறைந்த, உருண்டையான, காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் ஏரோ வகைக் கவசம் இரண்டு இடங்களுக்கும் ஒத்துவரும். விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று எண்ண வேண்டாம். மலிவானதும் விலையுயர்ந்ததும் ஒரே சட்டச் சோதனையைத்தான் தாண்டி வருகின்றன, கூடுதல் பணம் பெரும்பாலும் எடைக்கும் காற்றோட்டத்துக்கும் வடிவத்துக்கும் போகிறது. திருகலையும் சேர்த்து அளக்கும் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் நட்சத்திரம் கூடுதலாக இருப்பது நல்லது. காயத்தின் அபாயத்தைக் குறிக்கும் புள்ளி எண்ணோ குறைவாக இருப்பதுதான் நல்லது. ஆனால் இணையத்தில் பார்த்து அங்கேயே வாங்கிவிடாமல் கடைக்குப் போய் அணிந்து பாருங்கள். சில நிறுவனங்களின் அச்சு உருண்டைத் தலைக்கும், சிலவற்றின் அச்சு நீள்வட்டத் தலைக்கும் பொருந்தும். பத்து நிமிடம் அணிந்து கழற்றியபின் நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்த தடம் விழுந்தால் அது உங்கள் தலைக்கானதல்ல.

கடைசியாக, கொண்டை. கவசத்தின் பின்கூண்டு பிடித்து நிற்க வேண்டிய இடத்தையே கொண்டை எடுத்துக்கொள்வதால், கவசம் முன்னே சரிந்துவிடுகிறது. நீங்கள் சக்கரத்தை எவ்வளவு இறுக்கினாலும் அது தலையைப் பிடிக்காமல் முடியைத்தான் பிடிக்கும். உச்சியில் தூக்கிக் கட்டிய குதிரைவாலும் இதையேதான் செய்யும். பின்கூண்டுக்குக் கீழே, பிடரியோடு ஒட்டித் தாழ்வாகத் தொடங்கும் ஒற்றைப் பின்னலாகப் போட்டு, நுனியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். பின்னல் வெளியே தொங்கினால் திரும்பிப் பார்க்கும்போது முகத்தில் அடிக்கும். ஊக்குகளும் கிளிப்புகளும் கவசத்துக்குள் இருக்கக் கூடாது. விழும்போது அவை தலைத்தோலில் குத்தும். அன்று காலை எண்ணெய் வைக்க வேண்டாம். வழுக்கும் தலையில் எந்தக் கவசமும் நிற்காது. அதோடு அரங்கின் கவசத்தை உங்களுக்கு அடுத்து அணியப்போகிறவரையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள். நாற்காலிச் சோதனையையும் இந்தப் பின்னலோடேயே செய்து பாருங்கள்.